இரண்டு இஞ்ச் கூடுதலாக

என் மகளுக்கு ஏழு வயதானபோது அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு நாற்காலி. மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவள். சொல்வதெல்லாம் புரியும்; முதுகுதான் நிற்காது. தரையில் உட்காரவைத்தால் சற்று நேரத்தில் பக்கவாட்டில் சரிந்துவிடுவாள். வாரம் ஒரு நாள் சிறப்பாசிரியை வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். மற்ற நாட்களில், தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை சுருக்கமாகச் சொன்னார்: "உக்கார வைக்க மட்டும் ஒரு வழி பண்ணிட்டு வாங்க சார். மத்தத நான் பாத்துக்கிறேன்."

அதற்காகத்தான் திருச்சுழியில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த அரசு முகாமுக்குப் போனோம். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைக்கு ஒரு டாக்டர். எனக்குப் பழகிய காட்சி. பல ஆண்டுகள் தாலுகா நிருபராக இருந்தவன் நான். மேடைப் பேச்சு முடியுமுன்பே செய்தியின் கடைசி வரியை எழுதிவிடுவேன்: 'ஏராளமானோர் பயனடைந்தனர்.' அன்று மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

முதுகையும் கழுத்தையும் தாங்கும் நாற்காலி, அளவெடுத்துச் செய்து தருவார்கள். அளவெடுப்பவர் இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்புவரை டேப்பை வைத்தார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிள்ளை பள்ளியை விட்டு நின்ற பிறகு வந்த இலவச சைக்கிளைப் பற்றியும், பயனாளி காலமான பிறகு வந்த உதவித்தொகை உத்தரவைப் பற்றியும் எழுதியவன். இது வந்து சேர ஒன்றரை வருடமாவது ஆகும்.

"ரெண்டு இஞ்ச் கூட வைங்க. வளர்ற பிள்ளை."

அவர் சிரித்தார். "இது என்ன சார், யூனிபார்ம் பாவாடையா? மடிச்சுத் தச்சுப் பெறகு பிரிச்சு விட?"

"எப்ப வரும்னு உங்களால சொல்ல முடியுமா?"

அவர் அளவுச் சீட்டை இழுத்து இரண்டு இஞ்ச் கூட்டி எழுதினார். எனக்குப் பின்னால் நரிக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நடக்க முடியாத மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப்பார்த்தாள். "அவுக பேப்பர்காரவுக, தெரியாமச் சொல்ல மாட்டாக. எம்பயலுக்கும் ரெண்டு இஞ்ச் போட்டுருங்க சார்." அவனுக்கும் கூட்டி எழுதினார்.

பத்தாவது வாரம் போன் வந்தது. நாற்காலி தயார்.

மகள் துளியும் வளர்ந்திருக்கவில்லை. அதே இடத்தில் மறுபடி போட்டிருந்த பந்தலில் உட்காரவைத்து வாரைப் போட்டபோது, முதுகு சாய்மானத்தைத் தொடவில்லை. தொட்டால், பாதங்கள் கால் வைக்கும் பலகைக்கு எட்டவில்லை. பிசியோதெரபி செய்யும் அம்மா இரண்டு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டு அளவுச் சீட்டைப் பார்த்தார். சீட்டில் தவறு இல்லை, எழுதியபடியே செய்திருந்தார்கள்.

"மாத்த முடியாதா மேடம்?"

"வாங்கிட்டதாப் பதிவாயிருச்சு சார். அடுத்ததுக்குச் சில வருஷம் ஆகும். அதுக்குள்ள வளந்துருவா."

லோடு ஆட்டோவில் நாற்காலியை ஏற்றிய பிறகு என் மனைவி சொன்னாள்: "எல்லா ஆபீஸும் லேட்டுன்னு எழுதி எழுதியே பழகிட்டீக."

நரிக்குடிப் பெண்ணும் அன்று பந்தலில் இருந்தாள். அவள் மகன் நாற்காலிக்குள் ஒரு மூலையில் கிடந்தான். என்னைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "ஏண்ணே, கவர்மெண்ட்ட நம்பாம உங்கள நம்பிட்டேனே."

மறுநாள் பேப்பரில் வந்த முகாம் செய்தியில் என் மகளும் அவள் மகனும் பயனடைந்திருந்தார்கள்.

ஜூன் மாதம் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். தலைமையாசிரியை சொன்ன சொல் மாறவில்லை. முதல் வரிசையில் இடம் கொடுத்தார். பழைய போர்வை ஒன்றை நாலாக மடித்து முதுகுக்குப் பின்னால் செருகினோம். காலுக்குக் கீழே ஒரு செங்கல். அப்படி வைத்தால் சுமார் பதினொரு மணிவரை நேராக உட்காருவாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, நாற்காலிக்கு முன்னால் உள்ள எழுதும் பலகையின் விளிம்பு தாடைக்கு வந்துவிடும். மனைவி போய்த் தூக்கி உட்காரவைத்துவிட்டு வருவாள். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும். இரண்டுக்கும் நடுவில் அருப்புக்கோட்டைக்குப் போய்த் திரும்ப முடியாது என்பதால், அவள் டவுனுக்குப் போவதே நின்றுபோனது. நான் ஊரில் இருக்கும் நாட்களில் நான் போகிறேன். எனக்கு அவளைப் போல் ஒரே தூக்கில் சரியாக வைக்கத் தெரியாது. மகள் பொறுமையாக இருப்பாள். பக்கத்துப் பிள்ளை போர்வையைப் பிடித்துக்கொள்ளும்.

போன வாரம் காலையில் மகளை உட்காரவைக்கும்போது முதுகுக்குப் பின்னால் இடைவெளி குறைந்த மாதிரி தெரிந்தது.

"ஒரு மடிப்பக் கொறச்சுப் பாக்கலாமா?"

"போன மாசமும் இதத்தான் கேட்டீக." மனைவி இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளங்கை முழுவதும் போனது. "நாலே இருக்கட்டும்."