கப்பல் ஏறாத சுபேதார்

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது வீட்டில் அழுதது நான் ஒருத்திதான். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போர்ட் பிளேரின் ஷாதிபூரில் இரண்டாம் மாடியில் குவார்ட்டர்ஸ், இறங்கினால் காய்கறிக்கடை, இனி தக்காளிக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டாம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். இரண்டாம் மாடியில் சுபேதாரை எங்கே வைப்பது?

சுபேதார் எங்கள் நாய். சர்தார் அங்கிள் வீட்டு வேட்டைநாய் போட்ட குட்டி. அங்கிள் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, அரசாங்கம் கேம்பல் பேயில் கொடுத்த நிலத்தில் தென்னை வைத்துக்கொண்டு இருந்தவர். அதற்கு மேலான சுபேதார் பதவி கைக்கு எட்டும் நேரத்தில் நழுவிப்போனதாம். அந்த ஆசையை எங்கள் குட்டிக்குப் பேர் வைத்துத் தீர்த்துக்கொண்டார். தெருவில் எதிர்ப்பட்டால் அதற்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் எங்களிடம் பேசுவார்.

சட்டப்படி காட்டுப்பன்றியைக் கொல்லத்தான் கூடாது, விரட்டினால் யாரும் கேட்க முடியாது என்பது அங்கிளின் வாதம். அதனால் சுபேதாரின் வேட்டை விரட்டுவதோடு நின்றது. ஆனால் அந்த விரட்டல் சாதாரணமானதல்ல. மரவள்ளியைத் தோண்டித் தின்ற பன்றியின் தடத்தில் மூக்கை வைத்துவிட்டானென்றால் அண்டை வீட்டு வேலி, முள், சேறு எதுவும் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. ஓடை குறுக்கே வந்தால் கரையில் நின்று, தலையைத் தாழ்த்தி ஒரு முறை மோந்து பார்ப்பான். அடுத்த நொடி தண்ணீரில் இருப்பான்.

அவனை அங்கிளிடம் விட்டுவிட்டுப் போவதென்று முடிவாயிற்று. சாப்பிட மாட்டேன் என்று நான் இரண்டு நாள் அடம்பிடித்தேன். அம்மா மசியவில்லை.

"பன்னிக்குப் பின்னால ஓடுற நாயடி அது. மாடியில கட்டிப் போட்டா மெத்தை மாதிரி கெடக்கும். இங்கன இருந்தா ராசாவா இருக்கும்."

அது நியாயம் என்று எனக்கே பட்டதால்தான் இன்னும் அதிகமாக அழுதேன். போதாக்குறைக்கு அண்ணன் வேறு. கப்பல் நகர்ந்ததும் சுபேதார் கப்பல்துறை ஜெட்டியிலிருந்து குதித்துப் பின்னாலேயே நீந்தி வருவான், முதலைக்கு அன்றைக்கு விருந்து என்று ரகசியமாகச் சொல்லிவைத்தான். கடற்கரையில் முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை நின்றிருந்த ஊர் அது. பிரிவதைப் பற்றிய அழுகை போய், அந்தப் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் யார் கப்பலேறினாலும் காலனியே ஜெட்டிக்கு வரும். அழுது, கட்டிப்பிடித்து, பொட்டலம் பொட்டலமாகத் தின்பண்டம் கொடுத்து அனுப்பும். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. சுபேதாரை அங்கிள் வீட்டில் கட்டிவிட்டு வந்திருந்தோம். நாங்கள் மாசி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தி என் தலையைத் தடவி அழுதுகொண்டிருந்தபோது, கடித்து அறுத்த கயிறு கழுத்தில் தொங்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் வந்து நின்றான். எங்களைப் பார்த்து ஒரே ஒரு முறை குரைத்தான். சொல்லிவைத்தாற்போல் ஒலிபெருக்கி கரகரத்தது. கடல் சரியில்லை, கப்பல் இன்றைக்குக் கிளம்பாது.

மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வீடு திரும்பினோம். சுபேதார் முன்னால் ஓடினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காணாமல் போன மாடுகளை மீட்டுக்கொண்டு வந்தவனைப் போல வாசலில் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது அம்மா தனக்குத் தானம் செய்த அடுப்பை மாசி சிரித்துக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தாள்.

அடுத்த முறை அவனைத் தேங்காய்க் கொட்டகையில் பூட்டினார்கள். மண்ணைப் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இந்தத் தடவை கப்பலில் ஏதோ பழுது. அவன் வந்தான், குரைத்தான், நாங்கள் திரும்பினோம். மறுபடியும் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் வாசலில் உட்கார்ந்துகொண்டான். மாசி அடுப்போடு வந்து, "இனிமே நீங்க போனாலும் நான் அழ மாட்டேன், கண்ணுல தண்ணி காலி" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

மூன்றாம் முறை கிளம்பியபோது அப்பா கயிற்றை எடுக்கவில்லை.

"கட்டவும் வேணாம், பூட்டவும் வேணாம். கூடவே வரட்டும். பாத்துட்டுப் போகட்டும்."

அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டு, சுபேதாரின் கழுத்தை விடவே கூடாது என்று கெஞ்சினேன். "ஃபிக்கர் மத் கரோ பேட்டி" என்றார் அவர். கவலைப்படாதே மகளே என்று சொல்வது அவருக்குச் சுலபம். சுபேதாரின் நெற்றியில் என் நெற்றியை வைத்து, தண்ணீரில் இறங்கக் கூடாது என்று தமிழிலும் இந்தியிலும் சொன்னேன். அவன் என் மூக்கை நக்கிவிட்டு, அம்மா வைத்திருந்த முறுக்குப் பையைப் பார்த்தான்.

கப்பல் அன்றைக்கென்று ஒழுங்காகக் கிளம்பியது. ஏணியை எடுத்தார்கள், சங்கு ஊதியது, எங்களுக்கும் ஜெட்டிக்கும் நடுவே தண்ணீர் விரியத் தொடங்கியது. அங்கிளின் பிடியிலிருந்து சுபேதார் நழுவி விளிம்புக்கு வந்தான். முன்னங்கால்கள் இரண்டும் சிமெண்டு நுனியில். தலையைத் தாழ்த்தி மோந்து பார்த்தான். "குதிக்காதே! குதிக்காதே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இத்தனை நாள் கேலி செய்த அண்ணன் என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தான்.

சுபேதார் தலையை நிமிர்த்தி ஒரு முறை குரைத்தான். பிறகு திரும்பினான். ஆட்களின் கால்களுக்கிடையே புகுந்து வெளியேறி, காலனிக்குப் போகும் சாலையில் வாலை உயர்த்திக்கொண்டு ஓடினான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அப்படியே கப்பல் தளத்தில் உட்கார்ந்து சிரித்தேன். பிழைத்தான், என் சுபேதார் பிழைத்தான். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. கேன்டீனில் பூரி வாங்கி வயிறு முட்டத் தின்றேன். முதலை இருக்கும் தண்ணீரில் குதிக்காத புத்திசாலி, பிரியும்போது அழாத தைரியசாலி என்று போர்ட் பிளேரில் புதுப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

சில நாள் கழித்து அங்கிளின் குரல் போனில் விட்டுவிட்டுக் கேட்டது. சுபேதார் நன்றாக இருக்கிறான், பாலில் ஊறிய ரொட்டி தின்கிறான், பன்றிகள் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டுவதில்லை. நாங்கள் கிளம்பிய அன்று மட்டும் எங்கள் வீட்டு வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றானாம். அங்கிளும் பக்கத்திலேயே உட்கார்ந்து, இருட்டிய பிறகு கூட்டிக்கொண்டு போனாராம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நல்ல செய்தி சொல்லும்போது இவள் ஏன் அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.

இன்றைக்கும் அவன் குதிக்காததை நினைத்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தைரியமில்லை, புத்தியுமில்லை என்று இப்போது தெரியும். இரண்டு தடவை அவன் குரைத்ததும் நாங்கள் வீடு திரும்பியிருந்தோம். அன்றைக்கும் குரைத்துச் சொல்லிவிட்டு, வழக்கம்போல எங்களுக்கு முன்னால் ஓடினான். நாங்கள் பின்னால் வந்துகொண்டிருக்கிறோம் என்று நம்பித்தான் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.