பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏழில் எத்தனை?

ஜெலாப்பாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. காலையில் நானும் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணும் அதில் உட்கார்ந்து காய் நறுக்குவோம். பீடோர் பக்கம் நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். அவள் தமிழில் திட்டினால் நம் ஆட்களே காதைப் பொத்திக்கொள்வார்கள்.

போன மாதம் ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். பல்கலைக்கழக மாணவி. எந்த நாட்டார், எந்த இனத்தார் எப்படிப்பட்டவர்கள் என்று மக்கள் நினைக்கிறார்களோ, அதை அளக்கிறாளாம். அவள் கையிலிருந்த திரையில் ஏழு வட்டங்கள். ஒன்று என்றால் படு கஞ்சம், ஏழு என்றால் ரொம்பத் தாராளம். ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். யாராவது கேள்வி கேட்டாலே தலையை மட்டும் ஆட்டுவேன். ஜப்பான்காரருக்கும் நடு வட்டம், இந்தோனேசியருக்கும் நடு வட்டம் என்று தொட்டுக்கொண்டே வந்தேன். ஜப்பான்காரரை நான் எங்கே கண்டேன்?

மாணவி குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, சீனவங்க எப்படி? பயப்படாம சொல்லுங்க. அந்த ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாதுதானே?"

பக்கத்தில் பயத்தங்காய் ஒடிக்கும் சத்தம் நின்றது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் காரில்தான் போக வேண்டும். குறைத்துப் போட்டால் கோபித்துக்கொள்வாள். கூட்டிப் போடலாம் என்றால், முதல் நாள்தான் அவள் பேரம் பேசியே மீன்காரரை அழ வைத்திருந்தாள். ஆனாலும் என் விரல் ஏழாம் வட்டத்தை நோக்கிப் போனது.

"அக்கா, பொய் சொல்லாத லா," என்றாள் அவள். "ரெண்டு போடு."

மாணவியின் முகம் வெளிறிவிட்டது. "ஆன்ட்டி, நான் பொதுவா சீனவங்களக் கேட்டேன். உங்கள இல்ல."

"பொதுவா சீனவங்கள அக்கா எங்க பாத்துச்சு? என்னையத்தான் பாக்குது. ரெண்டு!"

இரண்டைத் தொட்டேன். வேறென்ன செய்வது?

அவள் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இப்ப நானு. தமிழவங்க வாயாடியா, அமைதியா?" என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அமைதிதான். ஏழு. வாயே தொறக்காதுங்க."

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடியில் நம்மவர்கள் இருவர், துணியிலிருந்து தண்ணீர் சொட்டியதற்காகக் கட்டடமே அதிரச் சண்டை போட்டார்கள். மாணவி மேலே பார்த்தாள். "ஆன்ட்டி, நிச்சயமா ஏழா?"

"ஏழுதான் லா. எழுது."

மாணவி போனதும், "நாளைக்கு... காரு..." என்று இழுத்தேன்.

"எட்டு மணிக்குக் கீழ வந்து நில்லு," என்றாள். "வழியில காப்பி நீதான் வாங்கித் தரணும். ரெண்டு மார்க்கு வாங்கினவ நானு."