நாடா தட்டிய அக்கா

நான் வேலை செய்யும் ரிக் வண்டியின் இருக்கைக்கு அடியில், ஸ்பானர்களோடு ஒரு நாடா கிடக்கிறது. விசைத்தறியில் குறுக்கே போகும் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் மரக்கட்டை அது. சின்னப் படகு மாதிரி இருக்கும். இது ஓடித் தேய்ந்ததைவிட அடிபட்டுத் தேய்ந்ததுதான் அதிகம். ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருக்கும். போர் போடுகிற வண்டியில் இது எதற்கு என்று கேட்பவர்களிடம், ஒரு அக்கா கொடுத்தது என்று மட்டும் சொல்வேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், கோழிப்பண்ணை, செங்கல் சூளை என்று சுற்றிவிட்டுக் குமாரபாளையத்தில் தறி ஓட்டப் போனேன். தறிப் பட்டறையை ஒட்டி வரிசையாகப் பதினான்கு லைன் வீடுகள். கடைசி வீடு எனக்கு. வந்த ஓராண்டுக்குள் நூல் விலை ஏறியது. நெய்த துணி குடோனில் தேங்கியது. முதலாளி தறிகளை நிறுத்திவிட்டார். எந்நேரமும் தடதடத்துக் கிடந்த இடம் ஒரே நாளில் ஊமையானது. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகியவர்கள், அந்த அமைதியிலும் கத்திக்கொண்டுதான் இருந்தோம். ரெண்டாவது வாரம் அதுவும் குறைந்தது. பேசினால் பசி வெளியே தெரிந்துவிடும்.

எனக்கு எந்த ஊரிலும் ரேஷன் கார்டு கிடையாது. அரிசி தீர்ந்த பிறகு குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைப்பேன். மூன்று விசில் வந்ததும் இறக்கிவிடுவேன். பக்கத்து வீட்டு மாமா வாசலில் நின்று, "என்ன மாப்ளே, மூணு விசிலு உட்டுருச்சு. கறிங்களா?" என்பார். "பருப்புங்க மாமா" என்பேன். அவர் வீட்டிலும் விசில் வரும். வாசம் வராது. நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பசி வந்தால் ஊரை மாற்றிவிடுவது என் வழக்கம். ஒருநாள் மத்தியானம் பையைக் கட்டி வைத்திருந்தேன். பட்டறைக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது. தறி ஓடுகிறதோ என்று எல்லோரும் ஓடினோம். அங்கே எங்களுக்கெல்லாம் தார் சுற்றிக் கொடுக்கும் அக்கா உட்கார்ந்திருந்தார். ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்போம். இரண்டு பழைய நாடாக்களை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பித்தளை அண்டா. அதன் வாயைத் துணியால் கட்டி, நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருந்தார்.

எனக்கும் அது தெரிந்த ஏற்பாடுதான். மாரியம்மன் நோம்பிக்கு அப்படித்தான் பிடியரிசி சேர்ப்பார்கள்.

"நோம்பி வாரதுக்கு நாளிருக்குதுங்களே அக்கா" என்றார் மாமா.

"ஆத்தாளுக்கு இல்லீங்க, நமக்கு. கும்மியடிச்சுக்கிட்டே ஒவ்வொருத்தரா வந்து அண்டாவுக்குள்ள கையை உடோணும். கை உட்டவங்கதான் பாடோணும், பாடுனவங்கதான் சாப்புடோணும். போடற கையை யாரும் பாக்கப்படாது."

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை வைத்து அவரே பாட்டைக் கட்டிப் பாடினார்.

*பாவறுந்தா முடிபோடலாம் – தங்கமே*
*பசிச்ச வயித்துக்கு ஏது முடி?*
*ஊரறிய ஒண்ணாக் கூடினா – தங்கமே*
*ஒருபிடி போதுமடி, ஒருபிடி!*

முதல் நாள் கும்மி குட்டிச்சுவராகப் போனது. அவர் ஒரு தாளம் தட்ட, நாங்கள் எல்லோரும் தறியின் வேகத்துக்குக் கைதட்டி ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டோம். அக்கா நாடாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, தறிய நிறுத்தி ரெண்டு வாரமாச்சு. உங்க கை இன்னும் நிக்கலீங்களா?" அந்த லைனில் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் முறை வந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. பித்தளையில் அரிசி விழுந்தால் சலசலவென்று கேட்கும். வெறுங்கைக்கு என்ன சத்தம் இருக்கிறது? விரல்களை மடக்கிக்கொண்டு ஓட்டைக்குள் விட்டேன். அந்த நொடியில் நாடாத் தாளம் உச்சத்துக்குப் போனது. அரிசி விழுந்ததா இல்லையா என்று எனக்கே கேட்கவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கஞ்சியும் முருங்கைக்கீரையும். பையைப் பிரித்துவிட்டேன்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கும்மி. கார்டு இருந்த வீடுகளிலிருந்து அரிசி வந்திருக்க வேண்டும். யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவில்லை. மாமாவுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பது அவர் மனைவிக்கே அப்போதுதான் தெரிந்தது. மூட்டை கட்டி வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் தங்கிவிட்டன. நான் எட்டு நாள் வெறுங்கையை விட்டேன். எட்டு நாளும் என் முறைக்குத் தாளம் சரியாக உச்சத்துக்கு வந்தது.

ஒன்பதாம் நாள் விடியும் முன்பே சங்ககிரிக்கு நடந்தேன். அரிசி லாரி ஒன்றில் லோடு இறக்க ஆள் தேவைப்பட்டது. கூலியோடு, தரையில் சிந்தியதைக் கூட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கல்லும் மண்ணும் பொறுக்கி, துண்டு நிறைய முடிந்துகொண்டு நாலு மணிக்குள் திரும்பினேன். வட்டத்தில் கடைசி ஆளாக நின்றேன். முறை வந்ததும் முடிச்சை அவிழ்த்து ஓட்டையில் சரித்தேன்.

நாடாச் சத்தம் நின்றுவிட்டது. பாட்டும் நின்றது. அரிசி விழும் சத்தம் மட்டும் பட்டறை முழுக்கக் கேட்டது.

கஞ்சி குடித்த பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். "தாளம் தப்பிருச்சுங்களா அக்கா?"

"தப்பல சாமி. நீ போடறதை ஒரு நாளாச்சும் காதால கேக்கோணும்னு இருந்தேன்."

"அப்ப இத்தனை நாளும்..."

"தண்ணிக்கு விசிலு வெச்சவனாச்சே நீ! உனக்கு மட்டுமா தட்டுனேன்? எல்லாக் கைக்கும்தான் தட்டுனேன். இல்லாட்டி எது வெறுங்கைன்னு தெரிஞ்சு போயிருமல்ல?"

தலையைக் குனிந்துகொண்டேன். அது வெட்கம் இல்லை. அதற்கு என்ன பெயர் என்று இன்றும் தெரியவில்லை.

அடுத்த மாதம் தறிகள் ஓடின. அடுத்த ஆண்டு நான் வழக்கம்போல ஊரை மாற்றினேன். கிளம்பும்போது அக்கா அந்த நாடா ஜோடியில் ஒன்றைக் கொடுத்து, "இன்னொண்ணு எங்கிட்டயே இருக்கட்டும். எங்க போனாலும் வயித்தைக் காயப்போடாத" என்றார். பசியோடு கிளம்பாமல் நான் விட்டுவந்த ஒரே ஊர் அதுதான். அக்கா இப்போது ராசிபுரத்தில் மகளோடு இருக்கிறார். போன் செய்தால் இன்றும் முதலில், "என்ன சாப்புட்ட சாமி?" என்றுதான் கேட்பார்.

போன மழைக்காலத்தில் எங்கள் ரிக் வெளிமாநிலத்தில் வேலையில்லாமல் மூன்று வாரம் நின்றது. ஒன்பது பேர். அவரவர் வைத்திருந்தது தீர ஆரம்பித்ததும், ஆளாளுக்கு ஒரு மூலையில் சுருண்டு படுத்தோம். நான் சோற்றுப்பானையின் வாயைத் துணியால் கட்டி நடுவில் வைத்தேன். நாடாவை எடுத்து டிரில் பைப்பில் தட்டினேன். எனக்குப் பாட வராது, ஆனாலும் பாடினேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். டிரைவர் அண்ணன் மட்டும் கடைசியில் தயங்கித் தயங்கி வந்தார். விரல்களை இறுக்கி மடக்கியிருந்தார். அந்த மடக்கல் எனக்குத் தெரியும்.

அவர் கை ஓட்டைக்குள் போனபோது, நாடாவை ஓங்கித் தட்டினேன்.