லைன் மச்சான்

மண்ணூர் தேவராஜனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நிரந்தரத் தொழிலாளி, சங்கத்தில் என்னோடு இருந்தார். கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரின் விரல் மெஷினில் நசுங்கியபோது, வெளியே அடிபட்டதாக எழுதப் பார்த்த நிர்வாகத்தைத் தொழிலாளர் அலுவலகம் வரை இழுத்தவர். "சட்டத்துல இன்னா கீதோ அத்த குடு" என்பார்.

மனைவி உமாதேவிக்குச் சர்க்கரை. அவரால் தர முடியாது. தரகர் ஒருவர், கம்பெனியில் அவரோடு அதே உற்பத்தி லைனில் கான்ட்ராக்டில் இருந்த ரஞ்சித்தைப் பணம் பேசிப் பிடித்தார். உறுப்பை விற்பது குற்றம். அதனால் உமாதேவியின் தம்பி என்று சொல்லி, அனுமதிக் குழுவின் முன் நிறுத்த ஏற்பாடு.

தேவராஜன் வேண்டாம் என்றார்.

"அவனே இஷ்டப்பட்டுத்தான்யா தரான்" என்றார் உமாதேவி.

"கான்ட்ராக்ட்ல கீறவனுக்கு இன்னா இஷ்டம்? அவன மாதிரி ஆளுங்கள காப்பாத்தத்தான் இந்தச் சட்டமே."

"உன்ன யாரு காப்பாத்தறது? செத்துப்போனப்புறம் சட்டத்த கட்டிக்கினு நான் அழுவட்டுமா? எனக்காவ வாய்யா."

போனார். உயிராசையும் இருந்திருக்கும், அதை நான் மறைக்கப்போவதில்லை.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று அதிகாரி கேட்டார்.

"மச்சான் சார்" என்றார் ரஞ்சித், கொஞ்சமும் தயங்காமல். லைனில் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான். தேவராஜன் சும்மா இருந்திருந்தாலே போதும்.

"லைன்ல எல்லாருக்கும் எல்லாரும் மச்சான்தான் சார். எம் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல" என்றார்.

விண்ணப்பம் தள்ளுபடி. வெளியே வந்ததும் ரஞ்சித் கத்தினார்: "நீ சாவறதுன்னா சாவு மச்சான், எம் பொழப்புல ஏன் மண்ண போடற? என்ன காப்பாத்துன்னு உங்கிட்ட எவன் சொன்னான்?"

தேவராஜன் அடுத்த பொங்கலைப் பார்க்கவில்லை.

சட்டம் சொல்வதெல்லாம் நீதி என்று அவர் நம்பியதில்லை. அது யாருக்காகப் போடப்பட்டதோ அந்த ஆள் பக்கத்திலேயே நிற்கும்போது, தன் உயிருக்காக அதை ஏமாற்ற அவருக்கு வாய் வரவில்லை. அதை நீதி என்றே நினைக்கிறேன். ஆனாலும் முழு மனதோடு பாராட்ட முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் உமாதேவி சொன்னார்: "அவரு செஞ்சது சரின்னே வெச்சிக்கலாம்ணா. நான் அங்க அக்கான்னு சொல்லிக்கினு உக்காந்துகினு இருந்தேன். எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.