வெற்றுக்குழாயில் பால்

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த இயக்குநர் உட்பட. பழைய பானைகளின் உட்புறத்தைச் சுரண்டி, அந்தத் தூளில் ஒட்டிக் கிடக்கும் புரதத்தைக் கரைத்தெடுப்பது அவள் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை. ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் மட்டும் தூள் போடாமல், மற்றவற்றுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வாள். அது வெற்றுக்குழாய். அதில் ஏதாவது தென்பட்டால் பானையில் இருந்ததல்ல, நம்மிடமிருந்து ஒட்டியது என்று அர்த்தம். பதினான்கு வருடத்தில் அவளுடைய வெற்றுக்குழாயை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாற்பதாவது வயதில், இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டது. துக்கம் விசாரிக்க வந்த நரம்பில்லாத நாக்குகள், "இந்த வயசுல எதுக்கு இந்த விஷப்பரீட்சை" என்று அவள் காதுபடவே பேசின. இரண்டே வாரத்தில் வேலைக்கு ஓடிவந்துவிட்டாள். பால் மட்டும் நிற்கவில்லை. உடை மாற்றும் அறைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, ரவிக்கைக்குள் வைத்த துணியை மாற்றி, அவசரமாகக் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போவாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வாரம்தான் ஒரு பழங்காலக் குழந்தையின் புதைகுழியிலிருந்து மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் ஒன்று வந்தது. அதில் தாய்ப்பால் இருந்ததாக முடிவு வந்தது. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. செத்த பிள்ளைக்குப் பால் கொடுத்தனுப்பிய தாய் என்று பத்திரிகைகள் உருகின. அது தன் பாலாக இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் அப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கே ஆசையாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டாள்.

நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்த வேலை அது. ஒளிவுமறைவு கூடாது, எல்லாக் கோப்பும் பொதுவில் போட வேண்டும், வெற்றுக்குழாயின் கோப்பு உட்பட என்பது ஒப்பந்தம். போட்டார்கள்; இங்கே ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. எங்கோ ஒரு கூடத்துப் பெண் மற்றதை விட்டுவிட்டு அதை முதலில் திறந்தாள். கடிதம் வந்தது: வெற்றுக்குழாயிலும் தாய்ப்பால் இருக்கிறது. உங்களிடம் பாலூட்டும் பெண் யாராவது வேலை செய்தாரா?

மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து பதில் தயாரித்தார்கள். மூவருமே பால் புரதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். பாலூட்டும் பெண் யாருமில்லை, கிண்ணத்துப் பால்தான் தெறித்து வெற்றுக்குழாயில் கலந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். குழாயைக் கையாண்டவளின் கையெழுத்து வேண்டியிருந்தது.

"அக்கா, இங்க ஒரு கையெழுத்து போடுங்க," என்றார் இயக்குநர்.

அவள் படித்துப் பார்த்தாள். போட்டால் அந்தத் தாய் பிழைப்பாள். தன் ரகசியமும் வெளியே வராது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பால் இருந்துச்சு சார்."

"அது எப்படிக்கா? குழந்தைதான்..." என்று இழுத்தார் அவர்.

"பிள்ளை போனா பாலும் நின்னுடும்னு யார் சார் சொன்னா?"

மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். படித்த படிப்புக்கு அதாவது செய்தார்களே.

அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கிண்ணத்தில் சுரண்ட இன்னொரு துளித் தூள் மிச்சமில்லை. அந்தப் பழைய தாய் பால் வைத்தாளா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அக்காவைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். இயக்குநர் திட்டவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.

போட்ட கோப்பை அழிக்கக் கூடாது என்பதும் ஒப்பந்தம். அதனால் வெற்றுக்குழாயின் கோப்பு மாசு என்ற குறிப்போடு இன்றும் பொதுவில் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு விடுமுறை நாளில் அவளும் வீட்டுக் கணினியில் அதைத் திறந்தாள். பக்கம் பக்கமாக வெறும் எண்கள். கீழே போகப் போக நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோடது இதெல்லாம்?" என்று பின்னால் வந்து நின்ற கணவர் கேட்டார்.

"பாப்பாவோடது," என்றாள்.