பச்சையாகவே நின்ற நாலு டிகிரி

எங்கள் அலுவலகத்தில் திரையில் சிவப்பு வரக்கூடாது. வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிக் காட்டும்போது ஒரு சிவப்பு எழுத்து வந்தாலும் முதலாளியின் முகம் கறுத்துவிடும். அதனால் அதற்கு முதல்நாளே எல்லாரும் உட்கார்ந்து, புரோகிராமில் எங்கெங்கே எக்ஸெப்ஷன் என்கிற பிழை கிளம்புமோ அங்கெல்லாம் கேட்ச் என்று அதைப் பிடிக்கிற ஒரு வெறும் வரியை வைத்துவிடுவார்கள். பிழை வந்ததும் அது பிடித்து விழுங்கிவிடும், ஒருவருக்கும் சொல்லாது. புரோகிராமும் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போய்விடும். இதற்கு அலுவலகத்தில் பெயர் வெள்ளையடிக்கிறது.

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே ஒரு மருந்துக்கடை. என் கணவருக்கு இன்சுலின் அங்கேதான் வாங்குவோம். அந்தக் கடைக் குளிர்ப்பெட்டியின் சூட்டைத் திரையில் காட்டுவது எங்கள் கம்பனியின் புரோகிராம். எப்போது போனாலும் பச்சை எழுத்தில் நாலு டிகிரி, இன்சுலின் கெடாமல் இருக்கிற குளிர்.

இவருக்கோ ஊசி போட்டும் சீனி இறங்கவில்லை, காலில் புண் ஆறவில்லை. டொக்டர் அளவைக் கூட்டினார். பிறகும் கூட்டினார்.

"களவா ஏதும் சாப்பிடுறியளோ?" என்று ஏசினேன்.

"சத்தியமா இல்லையப்பா," என்றார் பாவம்.

ஒருநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அடுத்த இன்சுலின் குப்பி வாங்க நின்றேன். கடைக்காரர் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்த குப்பி கையில் வெதுவெதுப்பாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் குளிரே இல்லை. சூட்டை அளக்கும் வயரும் கழன்று தொங்கியது.

"இதுல வெச்ச சோடாவும் கொஞ்ச நாளாக் குளிரில்ல மிஸ்," என்றார் அவர். "ஆனா ஸ்கிரீன்ல பச்சதானே!"

அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றும் விற்காதேங்கோ என்று அவரிடம் கத்திவிட்டு, எதிர்ப்பக்கக் கடையில் விரல் விறைக்கிற குளிரோடு ஒரு குப்பி வாங்கி, மாடியேறி இவர் கையில் கொடுத்தேன். பழையதைக் குப்பையில் எறிந்தேன். அப்பாடா என்று கொட்டாஞ்சேனையில் இருக்கிற அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே அந்தப் புரோகிராமைத் திறந்தால், நினைத்ததேதான். வயர் பேசாவிட்டால் எக்ஸெப்ஷன் வருகிறது, கேட்ச் விழுங்குகிறது, கடைசியாக வாசித்த நாலு டிகிரி அப்படியே நிற்கிறது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழுதினவரைக் கூப்பிட்டேன்.

"சிவப்பு வந்தா முதலாளி சேர் கத்துவார் அக்கா, அதுதான் வெள்ளையடிச்சனான்," என்றார்.

"கீழ பிழைச்சது மேல இருக்கிறவருக்குத் தெரியவேணும், விளங்குதோ? தெரியாட்டி அவர் எல்லாம் சரியெண்டு நம்பித்தானே அடுத்த வேலையைச் செய்வார்!"

சொல்லி வாய் மூடவில்லை, டொக்டரின் முகம் கண்முன்னே வந்தது. அவரும் அப்படித்தானே நம்பினார். மருந்து சரி, அளவுதான் போதாது என்று நினைத்துத்தானே கூட்டிக்கொண்டு போனார்! கெட்டுப்போன மருந்துக்குக் கூட்டிய அளவு அது. இவர் கையில் இப்போது இருப்பது நல்ல மருந்து. அதைக் கூட்டிய அளவில் போட்டால் சீனி அடியோடு இறங்கிவிடும். மணியைப் பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன் ஊசி போடுகிற நேரம் கடந்திருந்தது.

ஃபோன் அடித்தேன். அடித்து அடித்து நின்றது. திரும்பவும் அடித்தேன். எடுக்கவில்லை.

ஓட்டோவில் வெள்ளவத்தை வரும்வரை ஃபோனை விடாமல் அடித்தபடி, ஐயோ கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ என்று கத்திக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தபோது இவர் மேசையில் இருந்தார். ஷேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சோறு தொடப்படாமல் முன்னால். கையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எந்த இடத்தை அமத்துவதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, குடியுங்கோ!" சீனியைத் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகப் பருக்கினேன். பாதி என் கையில்தான் வழிந்தது. நடுக்கம் அடங்க நெடுநேரம் பிடித்தது. பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்து பார்த்தார்.

"நேத்துப் போட்ட அதே அளவுதானே போட்டனான்," என்றார். "டொக்டர் சொன்ன அளவு. நான் ஏதும் பிழை விட்டனானோ?"

இல்லை என்று தலையாட்டினேன். டொக்டரின் நம்பரை அமத்தினேன்.