சனிக்கிழமை ஜெபம் நடந்த வீடு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரை ஒட்டிய ஒரு தெருவில் நான் குடியிருந்தேன். வேலூரில் அலுவலகம் வைத்திருந்த ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. தோல் விலை, பாலாற்றுத் தண்ணீர், பஸ் விபத்து, சோளிங்கர் மலைக்குப் போன கூட்டம் என்று எதுவானாலும் மாலை பஸ்ஸில் கவர் போய்விட வேண்டும். தெருவில் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். ஆண்கள் தோல் பதனிடும் டேனரியில் இருந்தார்கள், பெண்கள் ஷூ கம்பெனிகளில். ஓரிருவர் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும். நான் அவர்களுடைய சபையைச் சேர்ந்தவன் அல்ல. வாடகைக்கு வந்தவன்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு இளம் தம்பதி. அவனுக்கு டேனரியில் உப்புத் தோல் பிரிக்கிற வேலை. வெளியூரிலிருந்து வருகிற பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புத் தூவி மடித்து அனுப்புவார்கள். அதைப் பிரித்து, உதறி, தொட்டியில் போட வேண்டும். வேலை முடிந்து வரும்போது அவன் கணுக்காலிலும் புருவத்திலும் வெள்ளை பூத்திருக்கும். அவள் ஷூ கம்பெனியில் மெஷினில் மேல்தோல் தைப்பவள். கைக்கு வேகம் உண்டு, தையல் கோணாது என்று கம்பெனியில் பெயர் வாங்கியிருந்தாள்.

சனிக்கிழமை சம்பள நாள். சாராயக் கடைகள் திறந்திருந்த காலம் அது. அவன் இருட்டும் வேளைக்கு வருவான். சிறிது நேரத்தில் தட்டு விழும் சத்தம் கேட்கும். பிறகு அவள் குரல். அந்தச் சத்தம் தொடங்கினால் தெருவில் ரேடியோக்களின் ஒலி கூடும். கதவை மூடுகிறவர்களும் உண்டு. மறுநாள் காலை எல்லோரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்கள். அவளும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போவாள்.

ஒரு சனிக்கிழமை அவன் அவளுடைய வலது மணிக்கட்டை முறுக்கிவிட்டான். மூன்று வீடு தள்ளி ஒரு நர்ஸ் இருந்தார். ஐம்பதை நெருங்கிய, கணவரை இழந்த பெண். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர்தான் கட்டுப் போட்டார். திங்களன்று அவள் கட்டோடு கம்பெனிக்குப் போனாள். தோலை மெஷினில் திருப்ப முடியவில்லை. கை சரியாகும்வரை நூல் வெட்டுகிற இடத்தில் உட்காரவைத்த சூப்பர்வைசர், இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

சிஸ்டர் அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சொன்ன வார்த்தை எனக்குப் பழக்கமானது. நான் அனுப்புகிற செய்திகளிலும் அதுதான் அச்சாகும். குடும்பத் தகராறு. போதகரிடம் போனார்கள்; சபையில் அவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அவர் நல்ல மனிதர். பொறுமையாக இரும்மா, அவனிடம் பேசுகிறேன் என்றார். பேசவும் செய்தார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை மறுபடி தட்டு விழுந்தது.

"உங்க ஊரு கலவைக்கே போய்டேன், உங்கம்மா வீட்டுக்கு" என்று பக்கத்து வீட்டுப் பெண் குழாயடியில் சொன்னது என் காதில் விழுந்தது.

"கலவைல ஏதுக்கா ஷூ கம்பெனி? இந்தக் கையி இங்கதான் சோறு போடும். வூட்ட வுட்டு நான் ஏன் போவணும்?"

"அப்ப அவரு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடு. உப்புக்குத்தான அடிக்கிறாரு?"

"உப்பு சரியா இருந்தா குழம்பு ஆறிப்போச்சின்னு அடி. அவருக்கு வேண்டியது உப்பு இல்லக்கா, சாக்கு."

அந்தச் சபையில் வீட்டு ஜெபம் என்று ஒரு வழக்கம் இருந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். எந்த வீடு என்பதை ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். வாசித்த பிறகு யாரும் மறுப்பதில்லை. வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டு இடம் பண்ண வேண்டும். கூட்டம் முடியும்வரை வாசலில் இருக்க வேண்டும். கடைசி ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கேட்பார்கள். வெளியிலிருந்து அவர் ஆமென் சொல்ல வேண்டும். பிறகு டீயும் பொறை ரொட்டியும். தன் வீட்டு ஜெபத்துக்குக் குடித்துவிட்டு வந்தவன் என்று பெயரெடுக்க அந்தத் தெருவில் எந்தக் குடிகாரனும் துணிந்ததில்லை.

ஜெபம் வழக்கமாகப் புதன்கிழமை. மாதர் சங்கச் செயலாளர் சிஸ்டர்தான். அந்த ஞாயிறு போதகர் வாசித்த அறிவிப்பில் எதிர் வீட்டின் பெயர் இருந்தது. கிழமை, சனி.

"இன்னா சிஸ்டர், சம்பள நாள்ல வச்சிட்டீங்க?" என்று அவன் தெருவில் வைத்துக் கேட்டான்.

"எனக்கு அன்னிக்குத்தாம்பா டியூட்டி இல்ல. கட்டில வெளிய போட்டுடு."

போதகருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சிஸ்டர் அவரிடம் சொன்னதைப் பிறகு என்னிடமும் சொன்னார்: "அடிக்கிறது குடும்ப விஷயம்னா ஜெபம் பண்றதும் குடும்ப விஷயந்தான் ஐயரே. யாரும் உள்ள வந்து கேக்க முடியாது."

முதல் சனிக்கிழமை அவன் கடைக்குப் போகாமல் நேராக வந்தான். கட்டிலில் உட்கார்ந்தான். உள்ளே பெண்கள் பாடினார்கள். வழக்கத்தைவிட அதிகப் பாட்டு. எதிர்ப்புறம் என் பெஞ்சில் நானும் இரண்டு மூன்று ஆண்களும் இருந்தோம். கடைசி ஜெபத்துக்கு அவன் ஆமென் சொன்னான், டீ வாங்கிக் குடித்தான், படுத்துவிட்டான். அன்று தட்டு விழவில்லை.

மறுநாள் போதகர் அறிவிப்பை எடுத்துப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினார் என்று சொன்னார்கள். அதே வீடு, அதே கிழமை. ஒரே வீட்டில் அடுத்தடுத்த வாரம் ஜெபம் நடந்ததில்லை. சபையில் வருடம் ஒருமுறை வருகிற பெண்கள் ஞாயிறு விழாவுக்கு நாடகம் போடப் போகிறோம், ஒத்திகைக்கு அந்த வீட்டுக் கூடம்தான் வசதி என்று சிஸ்டர் காரணம் வைத்திருந்தார். ஒத்திகை பல சனிக்கிழமை நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

நாடகத்தை எழுதியது சிஸ்டர். மாதர் சங்க நாடகத்தில் ஆண் வேடமும் பெண்கள்தான் போடுவார்கள். ஆற்காட்டில் ஒருவன் தன் மனைவியை அடிக்கிறான் என்பது கதை. யார் மனதும் புண்படக் கூடாது என்று ஊரை மாற்றியிருந்தார். கணவன் வேடத்தை ஒவ்வொருவராக மறுத்தார்கள். கடைசியில் எதிர் வீட்டுக்காரியே நான் போடுகிறேன் என்றாளாம்.

அந்தச் சனிக்கிழமை கதவு திறந்திருந்தது. லைட் வெளிச்சத்தில் என் பெஞ்சிலிருந்தே கூடம் தெரிந்தது. அவள் புடவைக்கு மேல் அவனுடைய சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டி, கரியால் மீசை வரைந்திருந்தாள். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தாள். அது அவன் நடை. என் பக்கத்தில் இருந்தவர் இருமினார். அவன் வெளியே கட்டிலில் கூரை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே மனைவியாக நடித்த பெண் தட்டை வைத்தாள். கணவனாக நடித்தவள் ஒரு வாய் தின்று துப்பினாள்.

"இன்னாடி குழம்பு இது? நாள் பூரா உப்புத் தோல்ல நின்னுட்டு வர்றேன். வூட்லயும் உப்பு ஜாஸ்தியா?"

யாரும் சிரிக்கவில்லை. அதில் ஒரு பிழை இருந்தது. உப்புத் தோலில் நிற்பவர்களுக்கு நாக்கில் உப்பு உறைப்பதில்லை. அந்தத் தெருவில் சமைக்கிற பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். சிஸ்டர் ஆஸ்பத்திரியில் வளர்ந்தவர், டேனரிக்காரனுக்குச் சமைத்ததில்லை. உப்புக்காக அடிக்கிறான் என்று கேள்விப்பட்டதை வைத்து எழுதியிருந்தார்.

அவள் அதே வசனத்தை இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"ஜாஸ்தின்னு எங்க சொன்னேன்?" கட்டிலிலிருந்து அவன் குரல் வந்தது. "கம்மின்னுதான சொன்னேன்!"

சிஸ்டர் வாசலுக்கு வந்தார்.

"இது ஆற்காட்டுக்காரன் கதைப்பா. அவன் வூட்டுக் குழம்புல உப்பு கம்மின்னு உனக்கு எப்டித் தெரியும்?"

முதலில் உள்ளே யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும். என் பெஞ்சிலும் சிரிப்பு வந்தது. "இன்னா தோஸ்த், ஆற்காட்ல சம்பந்தமா?" என்று தெருமுனைப் பெட்டிக்கடை பாய் குரல் கொடுத்தார். அவன் எழுந்தான். இந்தச் சிரிப்புக்கு அவள்தான் விலை கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பெஞ்சில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் வாசலில் வந்து நின்றாள். துண்டையோ மீசையையோ எடுக்கவில்லை.

"சரி, கம்மின்னே வச்சிக்கிறேன்" என்றாள். "அதுக்கப்புறம் இன்னா பண்ணே? அதையும் சொல்லு. சிஸ்டர் எழுதிப்பாங்க."

அவன் அவளைப் பார்த்தான். பின்னால் நின்றிருந்த பெண்களைப் பார்த்தான். எங்கள் பக்கமும் ஒரு முறை திரும்பினான். பிறகு தெருமுனைக்கு நடந்தான். பாய் இந்த முறை எதுவும் கேட்காமல் பீடியும் தீப்பெட்டியும் நீட்டினார். சாராயக் கடைக்குப் போகும் வழி அங்கிருந்து இடப்பக்கம் பிரியும். அவன் கொஞ்ச நேரம் நின்று புகைத்துவிட்டுத் திரும்பினான். அதுவரை பெண்கள் கலையவில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் சிஸ்டர் கடைசி ஜெபத்தைத் தொடங்கினார். அவன் பெயர் வந்தது. ஆமென் வரத் தாமதமானது. வந்தது.

அவன் அன்றோடு திருந்திவிட்டான் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. ஒத்திகை நடந்த சனிக்கிழமைகளில் அடி இல்லை, அவ்வளவு தெரியும். ஒருமுறை, வேலை நாள் ஒன்றில், எதிர் வீட்டில் அவன் குரல் உயர்ந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் சிஸ்டர் பாட்டுப் புத்தகத்தோடு அந்த வாசற்படியில் உட்கார்ந்து பாடத் தொடங்கியிருந்தார். அவருக்குக் குரல் சுமார்தான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் சேர்ந்தது, பிறகு குழாயடியிலிருந்து இன்னொன்று. ரேடியோக்கள் நின்றன. உள்ளே சத்தம் அடங்கியது. பெண்கள் ஞாயிறு முடிந்து ஒத்திகைக்குக் காரணம் இல்லாமல் போன பிறகும் வாசலில் பாடும் அந்த வழக்கம் நீடித்தது. வேறு இரண்டு வீட்டு வாசல்களிலும் பாட்டுக் கேட்டதுண்டு.

நாடகம் கோயில் வளாகத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. வசனத்தைக் கம்மி என்று திருத்தியிருந்தார்கள். ஆண்கள் பக்கம் அதற்குப் பெரிய சிரிப்பு. அவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். பெஞ்சு தூக்கிப் போட்டவர்களில் ஒருவன். மேடையில் அவள் மற்றவளின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியபோது ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மாதர் சங்க ஆண்டு விழா, ஜெபம், நாடகம், தேநீர் விருந்து என்று நாளிதழில் நான்கு வரி வந்தது.

அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர்கள் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் கை கழுவப் பின்பக்கம் போயிருந்தபோது கேட்டேன், வசனத்தில் தப்பு இருந்தது உங்களுக்குத் தெரியாதா, ஏன் சிஸ்டரிடம் சொல்லவில்லை என்று.

"தெரியாம இன்னாண்ணே? அவரு வெளிய கேட்டுக்கினுதான இருந்தாரு. அவர் பேச்ச தப்பா சொன்னா பொறுக்க மாட்டாரு, தானே வாயத் தொறப்பாரு."

அவன் வந்து உட்கார்ந்தான். அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தூள் உப்பு இருந்தது. என் தட்டருகே இல்லை. அவள் வலது கையால் கரண்டியைப் பிடித்து அவனுக்குக் குழம்பு ஊற்றினாள். அவன் ஒரு வாய் தின்றான். கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பிசைந்தான். இன்னொரு சிட்டிகை எடுத்தான். தொடர்ந்து சாப்பிட்டான். எனக்கு அந்தக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.